எண்ணிக்கையால் வரும் நோய்

கோழி வளர்ப்போர் இரத்தக் கழிச்சல் என்று வழங்கும் நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணி அறவே இல்லாத பண்ணை எங்கேனும் உண்டோ என்று தேடிப் புறப்பட்டால், காற்றையும் நீரையும் தீனியையும் மிகுந்த பிரயாசையோடு சுத்திகரித்து ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் சில கோழிக் கூட்டங்களைத் தவிர, வேறொன்றும் அநேகமாக நமக்கு அகப்படாது. ஆயினும் எல்லாப் பண்ணைகளிலும் எந்நேரமும் கோழிகள் இரத்தம் கழித்து மடிந்துகொண்டிருப்பதில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே கூளத்தின் மேல், அந்தக் கிருமியை நாள்தோறும் கொத்தி விழுங்கியபடியே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கொழுத்து வளர்வதையும், சில நாள் அடைமழைக்குப் பின் அதே கொட்டகையில் அவை கும்பல் கும்பலாகச் சாய்வதையும் கண்டவர்களுக்கு, கிருமி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இந்நோயைப் பொறுத்தவரை பயனற்றது என்பது விளங்கும். எத்தனை இருக்கிறது, எத்தனை நாளில் எத்தனையாகப் பெருகுகிறது, அதற்குள் கோழியின் தேகம் எவ்வளவு எதிர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது என்பவையே கேட்கத் தக்க கேள்விகள். ஒட்டுண்ணியை எண்ணுவது என்னும், வெளியார் பார்வைக்குச் சலிப்பூட்டுகின்ற காரியம், இத்துறையின் மூலாதாரமான காரியமாக இருப்பது இதனால்தான்.

முட்டைக்கு நாமக்கல்லும் கறிக்கோழிக்குப் பல்லடமும் பேர்பெற்று விளங்கும் கொங்கு நாட்டில், கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்களுக்குக் கோழியின் ஒட்டுண்ணிகள் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடும் விஷயம் அல்ல. அத்தகைய மாணவி ஒருத்தி, விடுமுறையில் ஒரு வாரம் எங்கள் ஒட்டுண்ணியியல் ஆய்வுக்கூடத்தில் உதவி செய்யவும் கற்கவும் அனுமதி பெற்று வந்தாள். கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகின்ற புழுக்களைப் பற்றியே அவளுக்கு ஆர்வம் அதிகம். ஆகவே முதலில் அவள் விருப்பப்படியே, இறந்துபோன நாட்டுக்கோழி ஒன்றின் குடலைத் திறந்து பார்க்கச் செய்தோம். சிறுகுடலில் விரல் நீளத்துக்கு வெண்மையாகச் சுருண்டு கிடந்த அஸ்காரிடியா புழுக்களும், குருட்டுக்குடலின் நுனியில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய ஹெட்டெராக்கிஸ் புழுக்களும் இருந்தன. இரண்டாவதாகச் சொன்ன புழு கோழிக்கு அதிகத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அதன் முட்டைக்குள்ளே ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு உயிர் ஒன்று ஒளிந்து பிரயாணம் செய்கிறது. அம்முட்டையை மண்புழு விழுங்கி, மண்புழுவை வான்கோழி விழுங்கினால், வான்கோழியின் குருட்டுக்குடலும் ஈரலும் புண்ணாகி மந்தையே அழிந்துபோகக்கூடும். தியோபால்ட் ஸ்மித்தும் கிரேபில் என்பவரும் 1920-இல் இந்தப் புழு முட்டையின் பங்கை வெளிப்படுத்தும்வரை, கோழிகள் நடமாடிய நிலத்தில் வான்கோழிகள் ஏன் தழைப்பதில்லை என்பது பண்ணையாளர்களுக்குப் புரியாத மர்மமாகவே இருந்தது. ஓர் உயிருக்குள் மற்றோர் உயிர், அதற்குள் இன்னோர் உயிர் என்று அடுக்கடுக்காக அமைந்த இந்த வாழ்க்கையை அவள் வியந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வாரத்தின் வேலை, புழுவையெல்லாம் விட மிகச் சிறிய வேறோர் உயிரைப் பற்றியது.

எய்மீரியா என்பது அதன் பெயர். கோழியின் குடலில் வாழும் எய்மீரியாக்களில் எய்மீரியா டெனெல்லா என்ற இனமே குருட்டுக்குடலைத் தாக்கி இரத்தக் கழிச்சலை உண்டாக்குவது. கோழியின் எச்சத்தோடு அது ஊசிஸ்ட் என்னும் தடித்த உறையிட்ட உருவத்தில் வெளிவருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஊசிஸ்டுகளை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியது. வெளிவந்த நிலையில் அது நோய் தர வல்லதன்று. பிராணவாயுவும் ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால், ஒன்று இரண்டு நாளில் உள்ளிருக்கும் உயிரணு நான்கு சிற்றறைகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அறையிலும் இரண்டு என எட்டு நுண்ணுயிர்கள் பக்குவமடைகின்றன. பக்குவமடைந்த ஊசிஸ்டை விழுங்கிய கோழிக்கே நோய் வரும். நம் நாட்டின் தட்பவெப்பம் இந்தப் பக்குவத்துக்கு வருஷத்தில் பெரும்பகுதி அனுகூலமாகவே இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 

ஊசிஸ்டின் உறை எத்தகைய அரண் என்பதை, ஆய்வுக்கூடத்தில் அதைச் சேமித்து வைக்கும் முறையே எடுத்துக்காட்டும். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஆரஞ்சு நிறக் கரைசலில், மீன்தொட்டிக்குப் பயன்படும் சிறு காற்றுக்குழாய் செருகிய குப்பியில், அவற்றைப் போட்டுவைக்கிறோம். பாக்டீரியாவும் பூஞ்சையும் அதில் பிழைப்பதில்லை; ஊசிஸ்டோ அந்த நஞ்சுக்குள்ளேயே நிம்மதியாகப் பக்குவமடைகிறது. பண்ணைகளில் தெளிக்கும் வழக்கமான கிருமிநாசினிகளில் பெரும்பாலானவை அதனிடம் தோற்றுப்போவதும் இவ்வுறையின் வலிமையால்தான். கடும் வெப்பமும், உலர்ச்சியும், அமோனியாவுமே அதை வெல்லுகின்றன. மாணவிக்கு முதலில் அளிக்கப்பட்ட பொறுப்பு, பக்குவமான ஊசிஸ்டுகளை இந்தக் கரைசலிலிருந்து பிரித்து, சுழற்பொறியில் இட்டுத் தெளிந்த நீரை வடித்து மீண்டும் நல்ல நீர் ஊற்றிக் கலக்கி, நிறம் அடியோடு மறையும்வரை கழுவுவது. சிறு அளவிலும் அந்த ரசாயனம் குஞ்சின் வாய்க்குள் போய்விடலாகாது. இத்தகைய வேலையில் அவசரப்படுபவர்கள் ஆய்வுக்கு உதவமாட்டார்கள், அவள் அவசரப்படவில்லை.

குப்பியில் எத்தனை நாள் வேண்டுமானாலும் ஊசிஸ்டுகளைச் சேமித்துவைக்கலாம் என்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் வீரியம் குன்றும். ஆகவே அவ்வப்போது இளங்குஞ்சுகளின் வயிற்றில் அவற்றைச் செலுத்திப் புதிய தலைமுறையைப் பெற்றாக வேண்டும். அந்த வாரத்தின் ஏற்பாடு இதற்காகவும், அதனோடு சேர்ந்த ஓர் ஒப்பீட்டுக்காகவும் ஆனது. ஒரு கூட்டத்துக் குஞ்சுகளுக்கு முந்திய வாரங்களில் சில நூறு ஊசிஸ்டுகள் மட்டும் கொண்ட சிறு அளவுகள் இரண்டு மூன்று முறை கொடுக்கப்பட்டிருந்தன. மற்றொரு கூட்டம் இந்த ஒட்டுண்ணியை அதுவரை அறியாதது. இப்பொழுது இரண்டு கூட்டத்துக்கும் பல பத்தாயிரம் ஊசிஸ்டுகள் கொண்ட ஒரே பெரிய அளவு, முனை மழுங்கிய குழல் வழியாக நேரே தீனிப்பையில் செலுத்தப்பட்டது. ஜீவன்களை வைத்துச் செய்யும் இத்தகைய பரிசோதனைகளுக்கு, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி வேண்டும். எத்தனை குஞ்சு, எதற்காக, அதைவிடக் குறைவான எண்ணிக்கையில் முடியாதா என்று குழு கேட்கும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை தந்தாக வேண்டும். அந்தக் கேள்விகளை ஒரு சம்பிரதாயமாக எண்ணாமல் மனப்பூர்வமாக ஏற்பவனே இத்துறையில் இருக்கத் தகுதியுடையவன் என்பது என் உறுதியான எண்ணம்.

விழுங்கிய ஊசிஸ்டுக்கு வழிவிட்டுக் கதவைத் திறப்பது கோழியின் சொந்தச் செரிமானமே. டைகுரோமேட்டுக்கு அசையாத அந்த உறையைக் கோழியின் அரைவைப்பை நசுக்கி உடைக்கிறது. உள்ளே உள்ள சிற்றறைகளின் அடைப்பைக் கணைய நீரும் பித்த நீரும் கரைக்கின்றன. எட்டு நுண்ணுயிர்களும் வெளிப்பட்டு நீந்திக் குருட்டுக்குடலை அடைந்து, அதன் உட்சுவரில் உள்ள உயிரணுக்களைத் துளைத்துக்கொண்டு புகுகின்றன. புகுந்த ஒவ்வொன்றும் உண்டு பெருத்து உடையும்போது, சுமார் தொள்ளாயிரம் சந்ததிகள் வெளிப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் வேறோர் உயிரணுவுக்குள் புகுந்து மறுபடியும் உடையும்போது இருநூறு முந்நூறாகப் பெருகுகின்றன. ஒரே ஓர் ஊசிஸ்டிலிருந்து தொடங்கிய எட்டு, முதற் பெருக்கத்தில் 7200 ஆகி, இரண்டாம் பெருக்கத்தை இருநூற்றைம்பது என்று வைத்துக்கொண்டாலும் 18 லட்சம் ஆகிறது. இது காகிதக் கணக்கு, எல்லாம் பிழைப்பதில்லை. கூட்டம் மிகுந்தால் குடிபுகுவதற்கு உயிரணுக்களே போதாமல், ஊசிஸ்ட் ஒன்றுக்குக் கிடைக்கும் விளைவு குறைந்துவிடும். அதனால் அளவைக் கூட்டினால் அதே விகிதத்தில் விளைவும் கூடும் என்று எதிர்பார்க்கலாகாது. ஆயினும் பெருக்கத்தின் வேகத்தை உணர்த்த இக்கணக்குப் போதும். இரண்டு பெருக்கங்களுக்குப் பிறகு ஆண் பெண் உருவங்கள் தோன்றி இணைந்து, புதிய ஊசிஸ்டுகள் உருவாகி எச்சத்தில் வெளிவந்துவிடும். கோழியிடமே மறுபடி மறுபடி பெருகிக்கொண்டிருக்கும் சக்தி இந்த உயிருக்கு இல்லை. ஆறு ஏழு நாளில் கணக்கை முடித்துக்கொண்டு வெளியேறுவது அதன் நியதி. மாணவியின் வாரமும் ஒட்டுண்ணியின் வாரமும் இவ்வாறு ஒன்றாக அமைந்தன.

முதல் மூன்று நாட்களில் குஞ்சுகளிடம் யாதொரு மாறுதலும் தெரியாது. தின்னும், ஓடும், ஒன்றையொன்று கொத்தும். குடற்சுவருக்குள் லட்சக்கணக்கில் பெருக்கம் நடந்துகொண்டிருக்கையில் வெளித்தோற்றம் இத்தனை சாந்தமாக இருப்பதே பண்ணையாளரை ஏமாற்றுவது. இந்த இடைவேளையில் மாணவி, பல்லடம் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து மாதிரி எடுத்துவர ஆய்வாளர் ஒருவரோடு அனுப்பப்பட்டாள். தொற்று ஏற்றிய குஞ்சுகளின் அறைக்குள் நுழைந்தவர்கள் அன்று பண்ணைப் பக்கம் போகலாகாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. ஆகவே விடுதியிலிருந்தே குளித்து மாற்றுடை அணிந்து புறப்பட்டு, பண்ணை வாசலில் காலணிக்கு உறையும் மாட்டிக்கொண்டார்கள்.

தென்னை நார்க்கழிவைப் பரப்பிய தரையில் கறிக்கோழிகள் வளரும் நீண்ட கொட்டகை அது. குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் பண்ணைக்காரருடையவை. கோழி மடிந்தால் அவருடைய கூலி குறையும்.

“மழை பிடிச்சுதுன்னா போதுமுங்க அம்மணி, நாலாம் நாளு ரெக்கையத் தொங்கப் போட்டுட்டு மூலையில போயி நின்னுக்குது,” என்றார் அவர்.

“தண்ணிக் குழாய்ல எங்கயாச்சும் ஒழுக்கு இருக்குதுங்களாய்யா?”

“அந்தக் கோடியில ரெண்டு நிப்பிள் சொட்டுதுங்க. ஆளுக்குச் சொல்லிட்டேன், வர்றேன் வர்றேன்னு இழுத்துட்டிருக்கறான்.”

கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பது கைகண்ட சோதனை. பிடியைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். கொட்டகையின் நடுவில் உதிர்ந்தது. சொட்டும் நிப்பிள்களின் கீழே உருண்டையாக நின்றது. இரண்டு இடங்களிலும் பல கோழிகளின் புதிய எச்சத்தைத் தனித்தனியே சேகரித்துக்கொண்டார்கள். ஈரம் வெறும் அசௌகரியம் அன்று. ஊசிஸ்டு பக்குவமடைய வேண்டியவற்றில் பிராணவாயு எங்கும் உள்ளது, வெப்பம் கோழியின் சூட்டாலும் வெயிலாலும் உள்ளது, மனிதன் கையில் ஓரளவு அடங்குவது ஈரம் ஒன்றே.

மருந்துகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்றைய கறிக்கோழித் தொழில் எழுந்து நிற்பதே அவற்றின் மேல்தான். 1939-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவின், சல்ஃபானிலமைடு இந்நோயைக் கட்டுப்படுத்துவதைக் காட்டினார். 1948-இல் சல்ஃபாக்வினாக்சலின் என்ற மருந்து, நோய் வந்தபின் கொடுப்பதாக இல்லாமல், முன்கூட்டியே தீனியில் இடைவிடாமல் கலக்கப்படுவதாகப் புழக்கத்துக்கு வந்தது. இந்த மாறுதல் மருந்தைவிடப் பெரியது. நோய் தெரியும்போது பெருக்கம் முடிந்துபோயிருக்கும் ஒரு ஒட்டுண்ணியிடம் முன்னெச்சரிக்கையே சிகிச்சை. பிறகு, தயாமின் என்ற வைட்டமினைப் போல வேஷமிட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் ஆம்ப்ரோலியமும், 1971-இல் மொனென்சின் என்பதும் வந்தன. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைக் கிருமி ஒன்று உற்பத்தி செய்யும் மொனென்சின், ஒட்டுண்ணியின் மேற்சவ்வில் சோடியத்துக்கு வழிதிறந்துவிட, புகுந்த உப்பை வெளியேற்றி வெளியேற்றிச் சக்தி இழந்து, நீர் ஏறி, ஒட்டுண்ணி வெடித்து மடிகிறது. கோழிக்கு உதவும் அதே பொருள் குதிரைக்குச் சிறு அளவிலும் உயிர்க்கொல்லி என்பதைத் தீனி அரைப்போர் ஒருபோதும் மறக்கலாகாது. இம்மருந்துகள் ஒவ்வொன்றுக்கும் காலப்போக்கில் ஒட்டுண்ணி பழகிப்போகிறது. ஒன்றை மாற்றி மற்றொன்றைக் கொடுத்துக் காலம் தள்ளும் முறையே எங்கும் நடைபெறுகிறது. மருந்து, தடுப்பு, மடிந்த கோழி, குன்றிய எடை எல்லாம் சேர்ந்து இந்நோயால் உலகுக்கு ஆகும் நஷ்டம், 2016-ஆம் ஆண்டின் விலைகளின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 கோடி பிரிட்டிஷ் பவுண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் குஞ்சுகளின் அறையில் வித்தியாசம் தெரிந்தது. ஒட்டுண்ணியை அறியாத கூட்டத்தின் தட்டில் எச்சம் சிவந்திருந்தது. குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. இரண்டாம் பெருக்கம் குடற்சுவரின் மேற்பரப்பில் நடப்பதில்லை. அடியில், இரத்தக் குழாய்கள் ஓடும் இடத்தில் நடக்கிறது. ஆகவே அது உடையும்போது குழாய்களும் அறுபடுகின்றன. இந்நோயில் சாவு பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் நாட்களில் நேர்வதன் காரணம் அதுவே. மற்றக் கூட்டத்தின் தட்டில் சிவப்பு அநேகமாக இல்லை. அந்தக் குஞ்சுகள் தீனிக்கு வழக்கம்போல் முண்டியடித்தன.

ஒவ்வொரு கூட்டத்திலும் குறித்துவைத்திருந்த சிலவற்றை வலியில்லாமல் உயிர் நீக்கி, குருட்டுக்குடலைத் திறந்து, சேதத்தை மதிப்பிட வேண்டும். ஜான்சன், ரீட் என்ற இருவர் 1970-இல் வகுத்த பூஜ்யம் முதல் நான்கு வரையிலான அளவுகோல் இன்றும் உலகெங்கும் வழங்குகிறது: சேதமே இல்லையானால் பூஜ்யம், இங்கொன்றும் அங்கொன்றுமாக இரத்தப் புள்ளிகள் மட்டும் ஆனால் ஒன்று, சுவர் தடித்து இரத்தம் மிகும்போது மூன்று, குடல் முழுவதும் இரத்தத்தாலோ கட்டியாலோ ஊதிப் பருத்திருந்தால் நான்கு. மாணவி முதல் குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எவரும் அவளை விரைவுபடுத்தவில்லை. உயிரைக் காக்கக் கற்க வந்தவளுக்கு அந்தத் தயக்கம் இல்லாதிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். பிறகு அவள் செய்தாள். செய்ததைச் சிரத்தையாகச் செய்து, ஒவ்வொரு குடலுக்கும் தான் கொடுத்த மதிப்பை, அது எந்தக் கூட்டத்துக் குஞ்சு என்பதை அறியாமலே எழுதினாள். கூட்டம் தெரிந்தால் கண் தன்னையறியாமல் பாரபட்சம் காட்டும் என்பதால் இந்த மறைப்பு வேண்டியிருக்கிறது. மறைப்பை நீக்கிப் பார்த்தபோது, உயர்ந்த எண்கள் எல்லாம் ஒரு பக்கத்திலும் தாழ்ந்தவை மறு பக்கத்திலும் சேர்ந்திருந்தன.

சிறு அளவு காக்கிறது, பெரிய அளவு கொல்லுகிறது. இரண்டும் அதே ஊசிஸ்ட். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜான்சன் என்பவர், மேலே சொன்ன ஜான்சன் அல்ல, 1920-களிலேயே இதைக் கோழிகளில் கண்டு எழுதினார். 1952-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் தடுப்பு மருந்து, உயிருள்ள ஊசிஸ்டுகளை அளவோடு எண்ணிக் குப்பியில் அடைத்தது அன்றி வேறில்லை. எண்ணிக்கை தவறினால் தடுப்பே நோயாகும் என்ற அபாயத்தைக் குறைக்க, 1975-இல் ஜெஃபர்ஸ் என்பவர் ஓர் அழகான உபாயம் கண்டார். ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லாவற்றுக்கும் முந்தி வெளிவரும் ஊசிஸ்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்து அடுத்த குஞ்சுக்குக் கொடுத்து, மறுபடியும் அவற்றில் முந்தியவற்றையே பொறுக்கி, இவ்வாறு பல தலைமுறை தொடர்ந்தார். விரைவில் வெளிவரும் பழக்கம் பெற்ற அந்தப் பரம்பரை, விரைவுக்கு விலையாகப் பெருக்கத்தில் ஒரு பகுதியை இழந்திருந்தது. அது கோழியின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டப் போதுமானது. குடலைக் கிழிக்கப் போதாதது. எந்த ரசாயனத்தின் துணையும் இல்லாமல், பொறுமையான தெரிவு ஒன்றினாலேயே ஒரு நோய்க்கிருமியின் சுபாவத்தை மாற்றிய இந்தக் காரியம், கோழி மருத்துவ வரலாற்றில் என் மனத்துக்கு மிகவும் உகந்த அத்தியாயம்.

இத்தடுப்பு மருந்து வேலை செய்யும் விதம் அம்மைக்கோ ராணிக்கெட்டுக்கோ போடும் தடுப்பு மருந்தின் விதம் அன்று. பிறந்த சில நாட்களில் குஞ்சு விழுங்கும் சில நூறு ஊசிஸ்டுகள் தாமே முழு எதிர்ப்பைத் தந்துவிடுவதில்லை. அவை குஞ்சின் குடலில் ஒரு சுற்று முடித்து எச்சத்தில் வெளிவந்து, கூளத்தில் பக்குவமடைந்து, அதே குஞ்சால் மறுபடியும் கொத்தி விழுங்கப்பட வேண்டும். மீண்டும் ஒரு சுற்று, மீண்டும் ஒன்று. இரண்டு மூன்று சுற்றுகளில்தான் எதிர்ப்பு உறுதிப்படுகிறது. ஆகவே கூளம் எலும்பாய் உலர்ந்தால் ஊசிஸ்ட் பக்குவமடையாது, தடுப்பு தோற்கும். நனைந்து கிடந்தால் பக்குவமானவை அளவுக்கு மிஞ்சும், தடுப்பே நோயை மூட்டும். எச்சம் கீழே விழுந்துவிடும் கம்பிக் கூண்டில் வளரும் குஞ்சுகளுக்கு இந்தச் சுற்றே அறுந்துபோவதால், அங்கே தனி ஏற்பாடு வேண்டும். மருந்துக் குப்பியில் பாதியும் தரைக் கூளத்தில் பாதியுமாக அமைந்த தடுப்பு இது என்று சொன்னால் மிகையாகாது. நாற்பது நாளுக்குள் விற்பனைக்குப் போய்விடும் கறிக்கோழிக்கு, எதிர்ப்பு உறுதிப்பட ஆகும் மூன்று நான்கு வாரங்களே ஆயுளில் பெரும்பகுதி. அதனால் அவ்விடத்தில் தீனி மருந்தே ஆட்சி செய்கிறது. ஓராண்டுக்கு மேல் வாழும் தாய்க்கோழிகளுக்குத் தடுப்பு மருந்து பொருந்துகிறது.

வாரத்தின் இறுதியில் எண்ணும் வேலை வந்தது. எச்சத்தில் உள்ள ஊசிஸ்டுகளை எண்ண மக்மாஸ்டர் அறை என்னும் கண்ணாடிச் சாதனத்தைப் பயன்படுத்துகிறோம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, கார்டன், விட்லாக் ஆகியோர் 1939-இல் வெளியிட்ட முறை இது. மூன்று கிராம் எச்சத்தை 42 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, அதில் 15 மில்லிலிட்டரைச் சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, அதே அளவுக்கு நிறைவுற்ற உப்புக் கரைசலை ஊற்றிக் கலக்குகிறோம். உப்புநீரின் கனத்தில் ஊசிஸ்டுகள் மிதந்து மேலே எழும்பி, கோடு கிழித்த கண்ணாடியின் அடிப்புறத்தை ஒட்டிக்கொள்ளும். கசடுகள் கீழே தங்கிவிடும். அறைகள் இரண்டிலும் சேர்த்து நாம் பார்ப்பது 0.3 மில்லிலிட்டர். ஆகவே எண்ணிய தொகையை ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராம் எச்சத்தில் உள்ள ஊசிஸ்டுகளின் தொகை கிடைக்கும். தொற்றின் உச்சத்தில் அவை எண்ணவே முடியாத நெருக்கத்தில் இருக்குமாதலால், மேலும் பல மடங்கு நீர்க்கச் செய்தே எண்ண வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுவதும் ஒரே தீயில் ஒரே சீராக வெந்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. எச்சம் அத்தகைய பானை அன்று. குருட்டுக்குடல் தன் கழிவை மற்றக் கழிவோடு சேர்க்காமல் நாளில் சில வேளைகளில் தனியாகவே வெளியேற்றுகிறது. டெனெல்லாவின் ஊசிஸ்டுகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஒரே கோழியின் காலை எச்சத்தில் ஒன்றுமில்லாமலும் மாலை எச்சத்தில் லட்சமும் இருப்பது சாதாரணம். ஒரு துளியைப் பார்த்து ஒரு கொட்டகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு விபரீதம் என்பதை, ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப எண்ணி வெவ்வேறு விடை கண்டபோது மாணவி உணர்ந்துகொண்டாள். சலிப்பில்லாமல் பல துளிகளை எண்ணிச் சராசரி கண்டாள். ஏழாம் நாள் எச்சத்தில், முன்னமே பழக்கப்பட்ட கூட்டத்தின் தொகை, பழகாத கூட்டத்தின் தொகைக்கு அருகிலும் வரவில்லை. பல்லடத்து மாதிரிகளில், சொட்டும் நிப்பிள்களின் கீழ் எடுத்தது கொட்டகை நடுவில் எடுத்ததைவிட மிக அதிகமாகக் காட்டியது. அந்தச் செய்தியைப் பண்ணைக்காரருக்குத் தொலைபேசியில் அவளே சொன்னாள்; நனைந்த நார்க்கழிவை அள்ளி வெளியேற்றி உலர்ந்ததைப் பரப்பவும், அந்த மூலையை அடிக்கடி கிளறிவிடவும் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் பல்லடத்து ஊசிஸ்டுகள் அனைத்தும் டெனெல்லா என்று எண்ணிவிடலாகாது. ஆய்வுக்கூடத்துக் குஞ்சுகளுக்கு நாம் கொடுத்தது ஒரே இனம். பண்ணையில் பல இனங்கள் கலந்தே இருக்கும். கோழியின் எய்மீரியா ஒன்றல்ல, பல தனி இனங்கள் என்பதை ஹார்வர்டைச் சேர்ந்த டைஸர் 1929-இல் விரிவாக நிறுவினார். பின்வந்தோர் சேர்த்ததும் ஏழு இனங்கள் என்று கணக்கு நிலைத்தது. அவற்றுள் மாக்ஸிமா என்ற இனத்தின் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுள்ள பெரிய ஊசிஸ்டுகளைக் கண்ணால் கண்டுகொள்ளலாம். மற்றவை அளவிலும் வடிவிலும் ஒன்றையொன்று தழுவிப் போவதால், நுண்ணோக்கியில் எண்ணலாமே தவிர இனம் பிரிப்பது அரிது. இனம் பிரிக்க வேண்டிய அவசியமோ பெரிது, ஏனெனில் ஓர் இனத்துக்கு எதிராகக் கோழி பெறும் எதிர்ப்பு மற்றோர் இனத்துக்கு உதவுவதில்லை. ஏழுதான் என்று பல காலம் நம்பியிருந்த கணக்கும் 2021-இல் மாறியது, டி.என்.ஏ. ஆராய்ச்சியால் வேறுபாடு தெரிந்திருந்த மூன்று இனங்களுக்கு லேட்டா, நகாம்பி, ஸாரியா என்று பெயர் சூட்டப்பட்டது. முன்பே புழக்கத்தில் இருந்த தடுப்பு மருந்துகள் இவற்றைக் கருதித் தயாரானவை அல்ல.

ஆகவே மாணவி எண்ணி முடித்த மாதிரிகளின் மீதிப் பகுதி, இடமும் தேதியும் எழுதிய சிறு குப்பிகளில் டி.என்.ஏ. பிரிப்பதற்காக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது. ஊசிஸ்டின் உறையை நுண்ணிய கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய அடையாளத்தைப் பெருக்கிப் பார்க்கும் அந்தச் சோதனை முடிந்தபின்பே, அந்தப் பண்ணையில் எந்தெந்த இனம் எவ்வளவு ஆதிக்கம் பெற்றிருக்கிறது என்பதும், தீனி மருந்தை மாற்றுவதா, மாற்றினால் எந்த மருந்துக்கு மாற்றுவது என்பதும் தெளிவுபடும்.